புற்றுமண்ணும் ஒரு பிடி முடியும்

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பேன். பெட்ரோல் போடுகிறவர் குழாயை எடுத்த பிறகும் அதில் இன்னும் சொட்டு நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஆலங்குடி கார் ஸ்டாண்டு டீக்கடையில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே ஒருத்தரும் சொன்னதில்லை. ஆனாலும் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த நாளில் அந்த ஸ்டாண்டில் வாடகைக்கு நின்றவை இரண்டே பிளஷர் கார்கள். ஒன்று என்னுடையது. இன்னொன்றின் சொந்தக்காரர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். என்னை அண்ணே என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். அவருடைய வண்டி புதிது. என்னுடையது, புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு பெரிய வீடுகளெல்லாம் கையைச் சுருக்கிக்கொண்ட சமயத்தில் அப்படி ஒரு வீட்டில் கழித்து விட்டதை நான் வாங்கியது. நான் சொல்வது அதற்கும் பத்து வருஷத்துக்குப் பிந்திய கதை. அப்போதே வண்டிக்கு நல்ல வயது. கறுப்பு நிறம், அகலமான சீட்டு, வெளியில் பார்க்க ஜம்மென்று இருக்கும். உள்ளே உட்கார்ந்தால் தோசைக்கல்.

மழைக்காலத்தில் குறை சொல்ல முடியாது. பங்குனி பிறந்துவிட்டால் போதும், எங்கிருந்தோ அனல் வரும். சவாரி வந்தவர்கள் சட்டையை உதறிக்கொண்டு இறங்கும்போது தம்பியின் வண்டியை ஒரு பார்வை பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த கறம்பக்குடிக்காரர் ஒருவர், வெளிநாட்டில் காருக்குள்ளேயே ஏசி வைத்திருக்கிறான், ஒரு திருகு திருகினால் ஐஸ் காற்று முகத்தில் வந்து அடிக்கும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆள் சரியான புளுகன் என்று முடிவு கட்டினேன். காருக்குள் இருப்பதே ஒரு எஞ்சின், அதுவே சூடு. அதற்குள் ஐஸ் எங்கிருந்து வரும்?

அந்தச் சூட்டுக்கு நான் பயந்தது, என் மனைவி மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தபோதுதான். முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று ஐந்தாம் மாதத்தில் போயிற்று, அடுத்தது ஏழாம் மாதத்தில். இந்த முறை புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் என்னை நிற்க வைத்துச் சொன்னார்: “வெள்ளிக்கு வெள்ளி வந்து ஊசி போட்டுக்கணும். ஒண்ணைக்கூட விடக்கூடாது. பஸ்ல கூட்டத்துல இடிபட வைக்காதீங்க. வெயில்ல வாட விடாதீங்க. இதுவும் தங்கலைன்னா அப்புறம் என்னைக் கேக்காதீங்க.”

வீட்டில் கார் வைத்துக்கொண்டு மனைவியைப் பஸ்ஸில் ஏற்றுவேனா? காலையில் போவது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்து, ஊசி போட்டு, வெளியே வரும்போது உச்சி வெயிலாகிவிடும். வண்டி அதுவரை வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கும். பின்சீட்டில் குலுக்கல் அதிகம் என்பதால் அவளை முன்சீட்டில் என் பக்கத்தில்தான் உட்கார வைப்பேன். இரண்டாவது வெள்ளிக்கிழமை வீடு திரும்புகிற வழியில், வல்லத்திராக்கோட்டை தாண்டும்போது, அவள் தலை அப்படியே என் தோளில் சாய்ந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். கையைத் தொட்டால் சில்லிட்டு, நசநசவென்று வேர்த்திருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்புவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். கூரைமேல் நனைத்த சாக்கு விரித்துக் கட்டினேன். ஜன்னல்களுக்கு வெட்டிவேர்த் தட்டி செய்யச் சொன்னேன். வெட்டிவேர் விற்றவர் கோரைக்கிழங்கு வேரைக் கலந்திருப்பாரோ என்று ஒவ்வொரு கட்டாகப் பிரித்து முகர்ந்து பார்த்ததில், அவர் கோபித்துக்கொண்டு மீதியைத் தரமாட்டேன் என்றார். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று வருவதற்கு ஒரு மூடி உண்டு. துருப்பிடித்து இறுகிக் கிடந்த அதைத் தட்டித் தட்டித் திறந்து, அதற்கும் ஈர வெட்டிவேர் வைத்தேன். சவாரி ஏறியவர்கள் வாசனையாக இருக்கிறது என்றார்கள். சூடு குறைந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஒருநாள் டீக் கிளாசோடு வந்து என் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

“அண்ணே, மேல போடுற தண்ணியெல்லாம் வீணு. எஞ்சினுக்கும் காலு வைக்கிற எடத்துக்கும் நடுவுல ஒரு தகரம் இருக்குல்ல, அதுல எங்கிட்டாச்சும் ஓட்டை இருக்கும். எஞ்சின் அனலு அது வழியாத்தான் உள்ள வரும். அதை அடைங்க மொதல்ல.”

“அடைச்சா எஞ்சின் மூச்சு முட்டாதா?”

“முட்டாதுண்ணே. பட்டறையில ஒலைக்குப் பூசுவாங்கல்ல, அந்த மாதிரி மண்ணு குழைச்சு நான் அடைச்சுத் தாரேன்.”

நான் சிரித்துவிட்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். ஸ்டாண்டில் இருப்பதே இரண்டு வண்டி. அதில் ஒன்றின் சொந்தக்காரன் இன்னொன்றின் எஞ்சினில் மண்ணை அப்பித் தருகிறேன் என்கிறான். இதைக் கேட்டு நம்புவதற்கு நான் என்ன இளிச்சவாயனா? அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவியிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “பாக்கத்தான் பாருங்களேன்” என்றாள். அவர் சொன்னார் என்பதற்காகவே நான் ரப்பர் விரிப்பைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் வெட்டிவேர் வாங்க, வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் புதுக்கோட்டை போனேன். வாங்கி வந்து புதுத் தட்டியைக் கட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை என்ன ஆச்சரியம், உச்சி வெயிலில் வண்டிக்குள் குளுகுளுவென்று காற்று வந்தது. அவள் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். வல்லத்திராக்கோட்டையில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றாள். அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் நின்று எல்லோரும் கேட்க, “சிங்கப்பூர்க்காரன் ஏசி எல்லாம் என் வெட்டிவேருக்குப் பக்கத்துல நிக்க முடியாது” என்றேன். தம்பி டீயை ஆற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். குடித்து முடித்துவிட்டுத் தன் வண்டிக்குப் போய்விட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. கிளச் கம்பிக்கு எண்ணெய் விடலாம் என்று முன்சீட்டுக்குக் கீழே இருந்த ரப்பர் விரிப்பைச் சுருட்டினேன். என் மனைவி கால் வைக்கிற பக்கத்தில், தகரத்தின் ஓரத்தில், தேங்காய் மூடி அளவுக்கு ஒரு மண் உருண்டை பதிந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்து இறுகியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பினேன். கையோடு வந்தது. செக்கச்செவேல் என்று புற்றுமண். அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்ட சேலைக் கிழிசல், மூலையில் மஞ்சள் கறை. சேலை என் மனைவியுடையது. உருண்டையை உடைத்தேன். உள்ளே கற்றை கற்றையாக நீள முடி.

எங்கள் பக்கத்தில் புற்றுமண்ணும் ஒரு பெண்ணின் முடியும் அவள் கட்டிய சேலைத் துணியும் சேர்ந்து ஒரே இடத்தில் கிடந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. செய்வினை. அதுவும் பிள்ளைத்தாய்ச்சி கால் படுகிற இடத்தில். முதல் இரண்டு பிள்ளைகளும் எதனால் போயின என்று அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. எஞ்சினில் மண் வைத்துத் தருகிறேன் என்று தன் வாயாலேயே சொன்னவர் யார்? அவர்தானே.

உருண்டையை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே ஸ்டாண்டுக்குப் போனேன். தம்பி பானெட்டைத் திறந்து வைத்துப் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் அதைப் போட்டேன்.

“இது என்னடா?”

அவர் பார்த்தார். முகம் வெளுத்தது. “மண்ணுண்ணே.”

“வச்சது யாரு?”

“நான்தாண்ணே.”

“இதுல இருக்கற முடி யாரோடது?”

வாயைத் திறந்தார். டீக்கடை முழுக்க எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். நான் மறுபடி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அந்த மௌனத்தைவிட வேறு சாட்சி எனக்கு எதற்கு? ஓங்கி அறைந்தேன். அவர் தலைத்துண்டு எண்ணெய்த் தரையில் விழுந்தது. திருப்பி அடிக்கவில்லை. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரிங்க” என்றார். அண்ணே என்று சொல்லவில்லை என்பதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை.

உருண்டையை முச்சந்தியில் வைத்துக் கொளுத்தினேன். திரும்பிப் பார்க்காமல் வந்து, தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை. உண்டாகியிருப்பவளிடம் செய்வினை என்று சொல்லலாமா?

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் போனோம். ஊசி போட்டாயிற்று. உச்சிவேளையில் திரும்பினோம். தட்டிகளையெல்லாம் சொட்டச் சொட்ட நனைத்திருந்தேன். புதுக்கோட்டை எல்லையைத் தாண்டுவதற்குள் கீழேயிருந்து குப்பென்று அனல் அடித்தது. பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து காய்கிற வாடை. அவள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே வந்தாள். வல்லத்திராக்கோட்டைக்குள் நுழைந்தபோது விசிறுவதை நிறுத்தினாள். குனிந்து, ரப்பர் விரிப்பின் ஓரத்தைக் காலால் தள்ளி, கையை விட்டுத் துழாவினாள்.

“ஏங்க, இங்க இருந்த மண்ணு எங்க?”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அதற்குள் அவள் கண் செருகிக் கதவில் சாய்ந்தாள்.

ரோட்டோரத்தில் ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த வீட்டம்மா கேள்வி கேட்காமல் பாயை விரித்து, நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். நான் வெளியே உலைமாதிரி கொதித்துக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அரைமணி நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்து, வயிற்றில் கையை வைத்துப் பார்த்து, “அசையுது” என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகுதான் என்னால் உட்கார முடிந்தது.

பிறகு அவள் சொன்னாள்.

“நான்தான் வைக்கச் சொன்னேன். நீங்க வெட்டிவேர் வாங்கப் போனீங்கள்ல, அன்னிக்கு அவரும் அவரு வீட்டுக்காரம்மாவும் வந்தாங்க. வெறும் மண்ணு சூட்டுல வெடிச்சுரும், முடி கலந்தாத்தான் பிடிக்கும்னாரு. நான்தான் சீவி வச்சிருந்த முடியைக் குடுத்தேன். பழைய சேலையையும் நான்தான் கிழிச்சுக் குடுத்தேன்.”

“ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னா புடுங்கிப் போட்டிருப்பீங்க. அவரு சொன்ன ஒண்ணையாச்சும் நம்பியிருக்கீங்களா?” பாயில் எழுந்து உட்கார்ந்தாள். “அவரை என்ன செஞ்சீங்க?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நேற்று அவர் குனிந்துகொண்ட மாதிரியே. அவர் ஏன் வாயை மூடிக்கொண்டார் என்று அப்போதுதான் உறைத்தது. உன் பெண்டாட்டி எனக்குத் தன் முடியையும் சேலையையும் கொடுத்தாள் என்று அத்தனை பேர் நடுவில் அவர் எப்படிச் சொல்வார்? அவள் பேரைக் காப்பாற்ற என் அறையை வாங்கிக்கொண்டிருக்கிறார். நான் அதைக் குற்றம் ஒப்புக்கொண்டதாகக் கணக்குப் பண்ணியிருக்கிறேன்.

“அடுத்த வெள்ளிக்கிழமை அவரு கையால மண்ணு வச்சாத்தான் இந்த வண்டியில ஏறுவேன்” என்றாள் என் மனைவி. “இல்லைன்னா நடந்தே போறேன்.” அவள் சொன்னால் செய்வாள். ஊசியை ஒரு வாரம் விட்டால் என்ன ஆகும் என்று லேடி டாக்டர் சொல்லித்தான் இருந்தார்.

சனிக்கிழமை காலையில் ஸ்டாண்டுக்குப் போனேன். அறைந்த அதே இடத்தில், அதே ஆட்கள் பார்க்க, “தப்பு எம்பேர்ல தம்பி, நீ வச்சது வெறும் மண்ணுதான், நான்தான் புத்தி கெட்டு அடிச்சேன்” என்றேன். அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. மறுபடி மண் வைத்துத் தர வேண்டும் என்று கேட்டேன். துடைத்து முடித்து, துணியைப் பிழிந்துவிட்டுக் கேட்டார்.

“முடி இருக்கா?”

“வீட்டுல சீவுனது இருக்கும், கேட்டு வாங்கியாரேன்.”

“அவங்க முடி வேணாங்க. ஒருக்கா பட்டது போதும். ஒங்க முடியைக் குடுங்க.”

எனக்கு அப்போது சுருட்டை முடி, காது வரைக்கும் இறங்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நேரே சலூனுக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டேன். உதிர்ந்ததை எல்லாம் வழித்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் “எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?” என்று கேட்டார்கள். பொட்டலத்தை இறுக்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

அன்று மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தார். புற்றுமண்ணைக் கொட்டி, தவிடு தூவி, என் முடியைப் போட்டார். தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

“நீங்களே பிசைங்க. நான் எதைக் கலக்குறேன்னு கண்ணால பாத்துக்கங்க.”

பிசைந்தேன். என் பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் வண்டிக்குள் மல்லாந்து படுத்து, ஓட்டையில் வைத்து அழுத்தி, ஓரமெல்லாம் விரலால் தேய்த்துவிட்டு எழுந்தார். காபி போடச் சொல்கிறேன் என்றேன். “வாரேங்க” என்று போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் ஒருமுறைகூட என் மனைவி தலை சாயவில்லை. கத்திரி வெயில் கொளுத்திய நாட்களில்கூட, மண் அனலைத் தடுக்க, மூடி வழியாக வெட்டிவேர்க் காற்று அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் அவர் என்னிடம் கேட்டதற்குப் பதில் சொல்வார். தானாகப் பேச மாட்டார். அண்ணே என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அது என்னை அறுத்துக்கொண்டே இருந்தது.

ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். ஒரு கூடை லட்டு வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். டீக்கடையில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக அவரிடம் நீட்டினேன். ஒன்றை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து உருட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இதுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க, அண்ணே?”

என் காது சுட்டது. அந்த லட்டை அவர் கையிலிருந்து வாங்கி, பாதியைக் கடித்து மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டினேன். மீதியை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் கடித்த எச்சில் என்று பார்க்காமல் அப்படியே வாயில் போட்டு, மெதுவாக மென்று முடித்தார்.

“சக்கரை கொஞ்சம் கம்மிண்ணே” என்றார்.